நுரையீரலில் நீர்: எங்கே நிற்கிறது, ஏன் வந்தது, எப்படி இறங்கும்?

பிரபலமான ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, "நுரையீரலில் நீர் கோர்த்திருக்கிறது" என்று செய்தியில் ஒரு வரி வந்தால் போதும், அன்று மாலைக்குள் ஆளுக்கொரு விளக்கம் கிளம்பிவிடும். நிமோனியா என்பார் ஒருவர். இதயம் பலவீனமாகிவிட்டது என்பார் இன்னொருவர். ஊசி போட்டு உறிஞ்சிவிட்டால் தீர்ந்தது என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், மூன்றும் தவறாகவும் இருக்கலாம். ஏனென்றால் அந்த ஒரு வரிக்குள் இரண்டு வேறு வேறு நிலைமைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்றில் ஊசிக்கு வேலையே கிடையாது. மற்றதில் பெரும்பாலும் ஊசியில்தான் வேலை தொடங்குகிறது.

நம் வீட்டில் ஒருவருக்கு இப்படிச் சொல்லப்பட்டாலும் முதலில் கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள்: நீர் எங்கே இருக்கிறது? எதனால் வந்தது? சிகிச்சை முழுவதும் இந்த இரண்டு பதில்களைப் பொறுத்ததுதான்.

நீர் நிற்கும் இரண்டு இடங்கள்

நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. 30 கோடி என்பது குறைந்தபட்சக் கணக்கு. ஒவ்வொன்றையும் தந்துகிகள் என்ற மயிரிழை போன்ற ரத்தக்குழாய்கள் சூழ்ந்திருக்கும். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவரின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. இவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் ஆக்சிஜன் நொடியில் ரத்தத்துக்குள் போகிறது. கசிவதற்கும் இதே மென்மை வழிவிடுகிறது.

1. காற்றறைகளின் சுவர்களிலும் அறைகளுக்குள்ளேயும் நீர் நிறைவது. மருத்துவர்கள் இதைப் 'பல்மனரி எடிமா' என்பார்கள். இங்கே வசதிக்காக உள்நீர் என்று வைத்துக்கொள்வோம்.

2. நுரையீரலுக்கு வெளியே, அதைப் போர்த்தியிருக்கும் உறைக்கும் நெஞ்சுக்கூட்டின் உள்பக்க உறைக்கும் இடையில் நீர் சேர்வது. இது 'ப்ளூரல் எஃப்யூஷன்'. உறைநீர் என்போம். இந்த இடுக்கில் இயல்பாகவே இரண்டு முதல் நான்கு தேக்கரண்டி அளவுக்கு, அதாவது 10 முதல் 20 மில்லி, திரவம் உண்டு. மூச்சு விடும்போது இரண்டு உறைகளும் உரசாமல் வழுக்குவதற்காக இருப்பது அது. நோயில் இதே இடத்தில் இரண்டு லிட்டர்கூடத் தேங்கும்.

நிமோனியா வேறு. அதில் கிருமித்தொற்றால் காற்றறைகளில் சீழும் அழற்சித் திரவமும் அடைத்துக்கொள்ளும். ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். ஆனால் நிமோனியாவின் பக்கவிளைவாக உறைநீர் சேரலாம், தொற்று முற்றினால் உள்நீரும் வரலாம். குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

எக்ஸ்ரேயில் இரண்டும் வேறு மாதிரி தெரியும். உள்நீர் என்றால் இரண்டு பக்கமும் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பரவும் வெண்மை. உறைநீர் என்றால் கீழ் மூலை மழுங்கி, அங்கிருந்து மேலே ஏறும் அடர்ந்த வெண்மை. பலருக்கு ஒரு பக்கம் மட்டும். சுமார் 200 மில்லி சேர்ந்த பிறகுதான் நேர் எக்ஸ்ரேயில் இது தெளிவாகத் தெரியும். அல்ட்ராசவுண்டில் அதைவிடக் குறைவாக இருந்தாலே பிடித்துவிடலாம்.

ஏன் கசிகிறது?

ரத்தக்குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளும். ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் நீரை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கணக்கை இங்கிலாந்தின் உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896இல் விளக்கினார். பிற்காலத்தில் திருத்தங்கள் வந்தாலும் அடிப்படை அதுதான். அதை வைத்துப் பார்த்தால் நீர் கசிய நான்கு வழிகள்:

1. அழுத்தம் ஏறுவது. நுரையீரல் தந்துகிகளில் இயல்பான அழுத்தம் பாதரச அளவில் 10 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். 18ஐத் தாண்டினால் கசிவு தொடங்கும். 25ஐத் தாண்டினால் காற்றறைகள் நிரம்ப ஆரம்பிக்கும்.
2. ஆல்புமின் குறைவது. கல்லீரல் சுருக்க நோய், சிறுநீரில் புரதம் போகும் சிறுநீரக நோய் ஆகியவற்றில் இப்படி நடக்கும்.
3. குழாய்ச் சுவரே சேதமாவது. கடும் தொற்று, நச்சுப்புகை, டெங்கு.
4. வடிகால் அடைபடுவது. கசிந்ததை எடுத்துச்செல்லும் நிணநீர்க் குழாய்களைப் புற்றுநோய் அடைத்துவிடுவது இதற்கு உதாரணம்.

தண்ணீர் நிறையக் குடித்ததாலோ, தலைக்குக் குளித்ததாலோ, தயிர் சாப்பிட்டதாலோ நுரையீரலில் நீர் சேராது. நல்ல இதயமும் நல்ல சிறுநீரகமும் இருப்பவர் கூடுதலாகக் குடித்த தண்ணீர் சிறுநீராகப் போய்விடும். இந்த இரண்டில் ஒன்று பழுதானவருக்குத்தான் தண்ணீரும் உப்பும் கணக்குப் பார்க்க வேண்டியவை ஆகின்றன.

இதயம் தள்ளாடும்போது

உள்நீருக்கு மிகப் பொதுவான காரணம் இதயத்தின் இடப்பக்கம். நுரையீரலில் இருந்து வரும் ரத்தத்தை வாங்கி உடலுக்குத் தள்ளுவது அதன் வேலை. தள்ள முடியாமல் போனால் ரத்தம் பின்னால் தேங்கும், தந்துகிகளில் அழுத்தம் ஏறும், நீர் கசியும். மாரடைப்பு, வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம், வால்வுக் கோளாறு ஆகிய எல்லாமே இங்குதான் கொண்டுவந்து விடும். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கிப்போன பெண்களுக்கு அது கர்ப்பகாலத்தில்தான் முதன்முதலாகத் தெரியவரும் என்பது நம் நாட்டு மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறும். சுருங்கிய வால்வு அதைத் தாங்காது. டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஒரு முறை தவறவிட்டாலும் இதே கதைதான். அங்கே இதயம் ஓரளவு நன்றாகவே இருந்தாலும், வெளியேற வழியில்லாத நீர் நுரையீரலில் வந்து நிற்கிறது.

அடையாளம் பெரும்பாலும் படுக்கையில் தெரியும். முன்பு ஒரு தலையணை வைத்துப் படுத்தவர் இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போவார். படுத்தால் காலில் தேங்கிய நீர் ரத்தத்துக்குத் திரும்பி நுரையீரலில் அழுத்தம் கூட்டுகிறது, அதனால்தான். நடுராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்து வைத்த பிறகு கொஞ்சம் தணியும். முற்றினால் வியர்த்துக் கொட்டும், இருமலில் நுரை நுரையாக, சில சமயம் இளஞ்சிவப்பாக வரும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மூச்சுக்குழாய்ச் சுவர்களும் வீங்குவதால் சிலருக்கு வீசிங் சத்தம் கேட்கும். ஆஸ்துமா என்று நினைத்து அக்கம்பக்கத்துக் கிளினிக்கில் நெபுலைசர் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் நடக்கிறது. அறுபது வயதில், சர்க்கரையும் பிரஷரும் உள்ளவருக்கு வாழ்க்கையில் முதன்முறையாக வீசிங் வந்தால், ஆஸ்துமா என்று முடிவுகட்டுவதற்கு முன் ஒரு ஈசிஜியாவது எடுத்தே ஆக வேண்டும்.

அவசர சிகிச்சை இப்படிப் போகும். நோயாளியை நிமிர்த்தி உட்காரவைப்பார்கள். ஆக்சிஜன் அளவு குறைந்திருந்தால் ஆக்சிஜன். அதிலும் தேறாவிட்டால் முகத்தில் இறுக்கமாகப் பொருத்தும் சிபாப், பைபாப் கருவிகள். இவை காற்றை அழுத்தத்தோடு செலுத்திக் காற்றறைகளைத் திறந்து வைக்கும். பலரை வென்டிலேட்டர் வரை போகாமல் காப்பது இவைதான். முகமூடியைப் பார்த்துப் பயந்து பிடுங்கி எறியும் நோயாளிக்கு, பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்து "கொஞ்ச நேரந்தான்" என்று சொல்லிக்கொண்டிருப்பது உண்மையாகவே உதவும். ரத்த அழுத்தம் ஏறியிருந்தால் ரத்தக்குழாய்களை விரிக்கும் நைட்ரோகிளிசரின், கூடவே சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடு ஊசி. லாசிக்ஸ் என்ற பெயரில் எல்லாருக்கும் தெரிந்தது. சிறுநீர்ப் பையில் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று இறங்க இறங்க மூச்சு தணியும். காற்றறைகளில் இருக்கும் நீரை ஊசி குத்தி எடுக்கவே முடியாது. ரத்தத்துக்குத் திரும்பவைத்து, சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு டயாலிசிஸ்தான் வழி.

கூடவே காரணத்தையும் கவனிக்க வேண்டும். மாரடைப்பு என்றால் அடைப்பைத் திறக்க வேண்டும், வால்வு என்றால் வால்வைச் சரிசெய்ய வேண்டும். வீடு திரும்பிய பிறகு இதயச் செயலிழப்புக்கு இன்று நான்கு வகை மருந்துகள் சேர்த்துத் தரப்படுகின்றன. அவற்றில் ஒன்றான டாபாகிளிஃப்ளோசின் முதலில் சர்க்கரை நோய்க்காக வந்தது. "எனக்குச் சர்க்கரையே இல்லையே, இது எதற்கு?" என்று சீட்டைப் பார்த்துவிட்டு நிறுத்தியவர்கள் உண்டு. சர்க்கரை இல்லாதவருக்கும் அது இதயத்துக்காகத் தரப்படுகிறது.

இதயம் நன்றாக இருந்தும் வரும் உள்நீர்

இங்கே அழுத்தத்தைவிடச் சுவரின் சேதமே பெரும்பாலும் முதல் குற்றவாளி. கடும் தொற்று, கணைய அழற்சி, கோவிட் போன்றவற்றில் தந்துகிச் சுவர் ஓட்டையாகிப் புரதத்தோடு சேர்ந்த நீர் காற்றறைக்குள் கொட்டும். 1967இல் தனி நோய்நிலையாக விவரிக்கப்பட்ட இதைத்தான் ஏஆர்டிஎஸ் என்கிறார்கள். ஃபுரோசமைடு இங்கே பெரிய மாயம் எதையும் செய்யாது. குறைந்த அளவு காற்றை மெல்லச் செலுத்தும் வென்டிலேட்டர் முறை, குப்புறப் படுக்கவைப்பது, மூலநோய்க்குச் சிகிச்சை, பொறுமை ஆகியவைதான் கைவசம் உள்ளவை. கோவிட் காலத்தில் நோயாளிகளைக் குப்புறப் படுக்கவைத்த படங்களைப் பார்த்திருப்போம், காரணம் இதுதான்.

இன்னொன்று மலை ஏறியவர்களுக்கு வருவது. 2,500 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறினால் ஆக்சிஜன் குறைவால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கி, அழுத்தம் எகிறி நீர் கசியும். இமயமலை எல்லைக்கு அவசரமாக ஏற்றப்பட்ட இந்தியப் படைவீரர்களிடம் இதைக் கண்ட ராணுவ மருத்துவர்கள் 1960களில் எழுதியவை இன்றும் இத்துறையில் மேற்கோள் காட்டப்படுகின்றன. இப்போது சுற்றுலாப் பயணிகளின் முறை. சென்னையில் கடல் மட்டத்தில் இருந்துவிட்டு விமானத்தில் 3,500 மீட்டர் உயரத்து லே நகரில் இறங்கி, மறுநாளே 5,000 மீட்டருக்கு மேலுள்ள கணவாய்க்கு வண்டி பிடிப்பது ஆபத்தை விலைகொடுத்து வாங்குவது. முதல் இரண்டு நாள் சும்மா இருப்பதே தடுப்பு மருந்து. வந்துவிட்டால் உடனே கீழே இறங்க வேண்டும், ஆக்சிஜன் தர வேண்டும், தேவைப்பட்டால் ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் நிஃபெடிபின் மருந்து.

மூன்றாவது நம் வயல்காட்டு விஷயம்: செந்தேள். இதன் கொட்டு உடலில் அட்ரினலின் வகைச் சுரப்புகளை வெள்ளமாகத் திறந்துவிட, ரத்த அழுத்தம் ஏறி, இதயம் களைத்து, நுரையீரலில் நீர் நிறையும். சாவது பெரும்பாலும் குழந்தைகள். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், பிரசோசின் என்ற மலிவான ரத்த அழுத்த மாத்திரை இந்தப் புயலை அடக்குவதை 1980களில் காட்டினார். அதற்கு முன், நிலைமை முற்றியவர்களில் 25 முதல் 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு ஒன்றிரண்டு விழுக்காட்டுக்கு இறங்கியது. பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாத இடத்திலிருந்து வந்த கண்டுபிடிப்பு இது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, தாமதம்தான்.

உறைநீர்: ஊசி எதற்கு?

உறைநீரின் தொடக்கத்தில் பலருக்கு மூச்சை இழுத்தால் ஒரு பக்கம் குத்தும். சில நாளில் குத்தல் போய்விடும். குணமாகிவிட்டதாக நினைப்பார்கள். உண்மையில் நீர் நிறைந்து உறைகளைப் பிரித்துவிட்டதால் உரசல் நின்றிருக்கும். வலி போன இடத்தில் மூச்சிரைப்பு வரும். முதுகில் விரலால் தட்டிப் பார்த்தால் நீர் உள்ள இடம் மட்டும் கல்லைத் தட்டியது போல ஒலிக்கும்.

ஊசி குத்தி நீர் எடுப்பதற்கு இரண்டு நோக்கங்கள்: மூச்சைத் தணிப்பது, காரணத்தைக் கண்டுபிடிப்பது. பலர் முதலாவதை மட்டும் நினைக்கிறார்கள், இரண்டாவதுதான் முக்கியம். நோயாளியைக் கட்டிலில் உட்காரவைத்து, முன்னால் மேசையில் தலையணை போட்டு அதன்மேல் கைகளைக் கட்டிச் சாய்ந்துகொள்ளச் சொல்வார்கள். அல்ட்ராசவுண்டில் இடம் பார்த்துக் குறித்து, மரத்துப்போக ஊசி போட்டு, விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசியை நுழைப்பார்கள். ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பிலும் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவதால் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். ஒரே தடவையில் பொதுவாக ஒன்று அல்லது ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. நாள்கணக்கில் நசுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கசிந்துவிடலாம், அதாவது உறைநீரை எடுக்கப்போய் உள்நீர் வந்துவிடும். "இன்னும் இருக்கிறதே, முழுதாக எடுக்கவில்லையே" என்று உறவினர்கள் கோபப்படுவதற்கு இதுதான் பதில்.

எடுத்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதன் புரதமும் எல்டிஹெச் என்ற நொதியும் ரத்தத்தில் உள்ள அளவோடு ஒப்பிடப்படும். அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் லைட் 1972இல் வகுத்த அளவுகோல் இது. புரதம் ரத்தத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் இருந்தால் உறையிலேயே நோய் இருப்பதாகக் கொள்வார்கள். எல்லாமே குறைவாக இருந்தால் பழி இதயத்தின்மேலோ கல்லீரலின்மேலோ சிறுநீரகத்தின்மேலோ விழும். அப்போது மீண்டும் மீண்டும் குத்தாமல் அந்த உறுப்புக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

உறையில் நோய் என்றால் நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது காசநோய், அதிலும் இளவயதினருக்கு. நீர் வைக்கோல் நிறத்தில் இருக்கும், அதில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் மிகுந்திருக்கும், ஏடிஏ என்ற நொதி லிட்டருக்கு 40 அலகுக்கு மேல் ஏறியிருக்கும். சளிப் பரிசோதனையில் கிருமி தெரியாமல் போவது சகஜம், அதை வைத்துக் காசநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிகிச்சை 6 மாதம், அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். மூன்று வாரத்தில் காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்துவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. "ஊசி குத்தினால் திரும்பத் திரும்ப நீர் சேரும்" என்ற நம்பிக்கையும் இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும். நீர் திரும்புவது ஊசியால் அல்ல, காரணம் உள்ளேயே உட்கார்ந்திருப்பதால்.

சீழ் வந்தால் ஆன்டிபயாடிக் மட்டும் போதாது, குழாய் போட்டு வடிக்க வேண்டும். ஐசிடி என்று வார்டில் சொல்வது அதைத்தான். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே நீர் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கியிருக்கும்; மூச்சுக்கு ஏற்பக் குழாயில் நீர் ஏறி இறங்கினால் அது வேலை செய்கிறது என்று பொருள். கழிவறைக்குப் போகும்போது பாட்டிலை மார்புக்கு மேலே தூக்கிவிடக் கூடாது, உள்ளே இருப்பது நெஞ்சுக்குள் திரும்பிவிடும்.

வயதானவர்களுக்கு, அதுவும் ரத்தம் கலந்த நீர் வந்தால், புற்றுநோயையும் பார்த்தாக வேண்டும். அப்படிப்பட்ட நீரிலும் முதல் மாதிரியில் சுமார் 60 விழுக்காட்டினருக்கே புற்றணு தென்படும். "ஒன்றும் இல்லை" என்று ஒரு முறை வந்துவிட்டால் நிம்மதியாக இருந்துவிட முடியாது, உறையிலிருந்து சதைத்துணுக்கு எடுக்க வேண்டிவரலாம். மீண்டும் மீண்டும் சேரும் நீருக்கு, டால்க் பொடியைச் செலுத்தி இரண்டு உறைகளையும் ஒட்டவைப்பதும், வீட்டிலேயே வடிக்கும்படி மெல்லிய குழாயை நிரந்தரமாக வைப்பதும் இருக்கின்றன.

டெங்குவில் மட்டும் கணக்கு தலைகீழ்

டெங்குவில் காய்ச்சல் விடும் சமயத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. 24 முதல் 48 மணி நேரம் வரை தந்துகிகள் கசிந்து, வயிற்றிலும் நுரையீரல் உறையிலும் நீர் சேரும். உறைநீர் பெரும்பாலும் வலப்பக்கம். ஸ்கேனில் "நுரையீரலைச் சுற்றி நீர்" என்று பார்த்ததும் எடுத்துவிடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் ஊசி குத்தினால் ரத்தக்கசிவு ஆகலாம். கசிவு நின்றதும் அந்த நீரை உடலே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

அப்போதுதான் அடுத்த சிக்கல். வெளியே போன நீர் ரத்தத்துக்குத் திரும்பும் அந்த நேரத்தில், டிரிப்ஸும் ஏறிக்கொண்டே இருந்தால் ரத்தத்தின் அளவு மிதமிஞ்சி உள்நீர் வந்துவிடும். டெங்கு நோயாளிக்கு டிரிப்ஸைக் குறைக்கும்போதும் நிறுத்தும்போதும் "ஏன் கழற்றிவிட்டார்கள், கவனிக்கவே மாட்டேன் என்கிறார்கள்" என்று வீட்டார் சண்டைக்குப் போவது வாடிக்கை. சரியான நேரத்தில் கழற்றுவதும் சிகிச்சைதான்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

இதயமோ சிறுநீரகமோ பழுதாகி ஒரு முறை நீர் கோர்த்தவருக்கு இவை பொருந்தும்.

1. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் எடை பார்த்து எழுதிவைப்பது. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். மூச்சு முட்டும் வரை காத்திராமல் அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

2. உப்பு. நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்கும் சொல்லும் அளவு. குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் தட்டில் வைத்தால் பயனில்லை.

3. மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகைகள் உப்பையும் நீரையும் உடலில் நிறுத்திவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நன்றாக இருந்தவர் திடீரென்று மீண்டும் அட்மிட் ஆனால் இந்த மாத்திரையைப் பற்றி விசாரிப்பது நல்லது.

4. இளநீர். உடம்புக்கு நல்லதுதானே என்று கொடுப்பார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கும், பொட்டாசியத்தை உடலில் நிறுத்திவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவருக்கும் அதிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும்.

5. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுவது, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறுவது, உதடு நீலமாவது, நுரையாகச் சளி வருவது, நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிட வேண்டும். வண்டி வரும்வரை படுக்கவைக்காமல் நாற்காலியில் நிமிர்த்தி, காலைத் தொங்கப்போட்டு உட்காரவைக்கலாம். தண்ணீர் புகட்ட வேண்டாம். ஸ்ட்ரெச்சரிலும் முதுகுப்பக்கத்தை உயர்த்தி வைக்கச் சொல்லலாம், சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் எடை எழுதிய நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு ஏறலாம்.